ஆயிரத்து ஐந்நூறு பவுண்டின் யாத்திரை

ஃப்ளீட்வுட்
செப்டம்பர் 4

அன்பு மருமகள் ஜனீனுக்கு,

வடக்குக் கடற்கரையின் ஓய்வுபெற்ற டிராம் சக்கரவர்த்தியும் உன் அம்மாவின் ஒரே அண்ணனுமான ஆம்ப்ரோஸ் எழுதிக்கொள்வது. உடம்பு நன்றாகவே இருக்கிறது. இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் கேட்கிறது. நீயும் மாப்பிள்ளை ரஸ்ஸலும் சுகம்தானே?

ராஜ்ய விஷயம் ஒன்று. இந்த நாட்டில் அரசர்கள் போர் தொடுப்பதை நிறுத்தியதும் வங்கிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன. ஒரு வங்கியின் ஆட்களை இன்னொரு வங்கி கடத்திக்கொண்டு போகிறது. கடத்தப்படுகிறவருக்குக் கூலியும் உண்டு! பழைய கணக்கை மூடிவிட்டு எங்களிடம் வந்தால் நூற்றெழுபத்தைந்து பவுண்டு போனஸ் என்கிறார்கள். கோடையில் நான் கட்சி மாறினேன். சொன்னபடி தந்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பட்டு அங்கி வாங்கியிருக்கிறேன். ஊதா நிறம், தரையில் ஒரு முழம் புரளும். அதை உடுத்திக்கொண்டு பால் பாட்டில் எடுக்க வாசலுக்கு வந்தால் கடல்புறாக்கள் எழுந்து நிற்கின்றன.

உன்னையும் கடத்தச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். நிபந்தனை இரண்டுதான். மாதாமாதம் தானாகப் பிடித்துக்கொள்ளும் கட்டணம் ஏதாவது இரண்டு அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். அது சுலபம். அநாதைக் கழுதைகளின் காப்பகத்துக்கு இரண்டு பவுண்டு, கடலில் தத்தளிப்பவர்களைத் தூக்கும் படகுக்கு இரண்டு பவுண்டு. கழுதையும் பிழைக்கும், மாலுமியும் பிழைப்பான். அடுத்தது, மூன்று மாதம் தொடர்ந்து மாதம் ஆயிரத்து ஐந்நூறு பவுண்டு உள்ளே வந்து விழ வேண்டும். இதில்தான் சூட்சுமம். பணம் வர வேண்டும் என்கிறார்கள், தங்க வேண்டும் என்று சொல்லவில்லை. காலையில் வந்து ஒரு டீ குடித்துவிட்டு மாலையில் கிளம்பிவிடலாம்.

என்னிடம் சரியாக ஒரு ஆயிரத்து ஐந்நூறு இருக்கிறது. என் இறுதி ஊர்வலத்துக்கு வைத்தது. எட்டுக் கறுப்புக் குதிரைகள், இருபது ஊதுகொம்புகள், கடற்படையின் ஒரு பிரிவு. அந்தத் திருநாள் வரும்வரை சும்மா படுத்துத் தூங்குகிற பணம். முதல் தேதி உனக்கு அனுப்புகிறேன், மூன்றாம் தேதி திருப்பி அனுப்பு. மூன்று முறை போய் வந்தால் உனக்கு நூற்றெழுபத்தைந்து. கோடையில் எனக்கு இந்த உதவியைச் செய்தது பக்கத்து வீட்டு நோரா. அதற்குக் கூலியாக இன்றுவரை என்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

நீ கல்லூரி சேர்ந்தபோது நான் பத்து பவுண்டு போட்டுத் திறந்து கொடுத்த கணக்கு உயிரோடு இருக்கிறதா? அதைப் பலி கொடுக்கலாம்.

முழங்கால் உட்பட எல்லா ஆசிகளுடன்,
ஆம்ப்ரோஸ் மாமா


கெட்டரிங்
செப்டம்பர் 15

அன்புள்ள மாமா,

கடிதம் கிடைத்தது. முழங்காலை டாக்டரிடம் காட்டினீர்களா? காட்டினேன் என்றுதான் எழுதுவீர்கள், அதனால் நோரா ஆன்ட்டியிடம் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசை அதே இடத்தில் இருக்கிறது. அதன் பின்னால் நானும். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற எல்லோரும் என்னைத்தான் திட்டுகிறார்கள். டாக்டரைத் திட்ட முடியாது, அவர் கை அவர்கள் வாய்க்குள் இருக்கிறது.

அந்தப் பழைய கணக்கு இருக்கிறது. பதினோரு பவுண்டு. என் சம்பளம் ரஸ்ஸலும் நானும் சேர்ந்து வைத்திருக்கும் கணக்குக்குப் போகிறது, அதனால் இதை மறந்தே விட்டேன். என் பெயர் மட்டும் போட்ட கணக்கு அது ஒன்றுதான் என்பது நேற்றுதான் உறைத்தது. மதிய இடைவேளையில் உட்கார்ந்து மாற்றிவிட்டேன். கழுதையும் படகும் சேர்த்தாயிற்று.

ரஸ்ஸல் நன்றாக இருக்கிறார். இதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் விளக்க வேண்டும். விளக்கி முடித்ததும், ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்பதை விளக்க வேண்டும். சாயங்காலத்தில் எனக்கு அவ்வளவு தெம்பு இருப்பதில்லை. நீங்களும் வீட்டுக்கு போன் செய்து சொல்லிவிடாதீர்கள்.

கழுத்துத் துணி இல்லாமல் கடற்கரைப் பக்கம் போகாதீர்கள்.

அன்புடன்,
ஜனீன்


ஃப்ளீட்வுட்
அக்டோபர் 1

மருமகளே, பொருளாதார மேதையே,

முழங்கால் உன்னை விசாரித்தது. டாக்டர் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டார் என்று எழுதலாம் என்றிருந்தேன். நோரா முந்திக்கொண்டு உனக்கு போன் செய்துவிட்டாளாம். ஆகவே: டாக்டரைப் பார்க்கவில்லை.

இன்று காலை பணம் புறப்பட்டது. நம் ஊர் வங்கிக் கிளையை மூடி அதில் நகப்பூச்சுக் கடை வைத்துவிட்டார்கள். வாரம் ஒருமுறை ஒரு வேன் வந்து மீன்சந்தைக்குப் பக்கத்தில் நிற்கும். அந்த வேன்தான் இப்போது வங்கி. போனில் பித்தானை அழுத்தி அனுப்பலாம்தான், ஆனால் ஒரு மகாராஜாவின் பணம் வழியனுப்பு விழா இல்லாமல் கிளம்பலாமா? அங்கியை உடுத்திக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன், மழை. நோராவும் கூட வந்தாள்.

"யோவ் ஆம்ப்ரோஸ், அது உன் சாவுப் பணம்யா. அதை ஊர் மேய விடுற. நாளைக்கே நீ மண்டையப் போட்டா உன்னை எதுல வச்சுத் தூக்குறது?"

"முதல் தேதிக்கும் மூணாம் தேதிக்கும் நடுவுல சாகமாட்டேன். காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன்."

"மத்த நாள்ல?"

"மத்த நாள்ல உன் விருப்பம்."

வேனுக்குள் இருந்த ஆள் சிரித்துச் சிரித்து ரசீதைத் தலைகீழாக நீட்டினான்.

பணத்தை நன்றாகக் கவனித்துக்கொள். பழக்கமில்லாத ஊர், ராத்திரி வெளியே விடாதே. மாப்பிள்ளை ரஸ்ஸலைக் கேட்டதாகச் சொல். இதைப் பற்றி இல்லை, பொதுவாக.

ஆசிகளுடன்,
மாமா


கெட்டரிங்
அக்டோபர் 14

அன்புள்ள மாமா,

பணம் வந்தது. மூன்றாம் தேதியே திருப்பி அனுப்பினேன், வந்து சேர்ந்திருக்கும். இங்கே மழை விடவில்லை. எனக்கு இருமல், பயப்பட ஒன்றுமில்லை.

இனி கடிதங்களை மருத்துவமனை முகவரிக்கே அனுப்புங்கள். வீட்டில் தபால் தாமதமாகிறது. போனில் எதுவும் அனுப்ப வேண்டாம். அதைப் பல பேர் எடுத்துப் பார்க்கிறார்கள்.

போன வாரம் மதியம் வெளியே போய் ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டேன். மழையில் உட்காரச் சூடாக ஒரு இடம், அவ்வளவுதான். வீட்டுக்குள் நுழைந்ததும் ரஸ்ஸல் கேட்டார்.

"அந்த நாலு பவுண்டு எதுக்கு?"

"டீ. ஒரு பன்."

"பன் எதுக்கு? வீட்லதான் ரொட்டி இருக்கே."

பன் எதற்கு என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன் மாமா.

மூன்றாவது முறை பணம் வந்த பிறகு போனஸ் எந்த வாரம் கிடைக்கும்? தோராயமாக வேண்டாம். சரியாகத் தெரிந்தால் நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜனீன்


ஃப்ளீட்வுட்
நவம்பர் 2

திருமதி ஜனீன் அவர்கள்,
பல் பிடுங்கும் மாளிகை, கெட்டரிங்.

அன்பு மருமகளே,

உன் இருமலுக்கு இங்கிருந்தே வருத்தம் தெரிவிக்கிறேன். வெந்நீரில் எலுமிச்சை. எனக்கு ஒரு குறையுமில்லை.

நேற்று இரண்டாவது யாத்திரை தொடங்கியது. தொகையில் நாலு பவுண்டு கூடுதலாக இருக்கும். கணக்குத் தவறல்ல. அந்தப் பணம் போன மாதம் கெட்டரிங் போய் வந்ததில் குட்டி போட்டுவிட்டது. குட்டியைத் திருப்பி அனுப்பாதே, தாயை மட்டும் அனுப்பு. குட்டிக்கு என்ன செய்வது என்று உனக்கே தெரியும். எதற்கு என்று யாராவது கேட்டால், "பசித்தது" என்று சொல். அதற்கு மேல் உலகத்தில் எந்தப் பன்னுக்கும் காரணம் தேவைப்பட்டதில்லை.

மூன்றாவது தொகை விழுந்த பத்து நாளுக்குள் போனஸ் வரும். டிசம்பர் நடுவில் என்று வைத்துக்கொள்.

வழக்கமாக இந்த இடத்தில் மாப்பிள்ளையை விசாரிப்பேன். தபால் கட்டணம் ஏறிவிட்டதால் சொற்களைக் குறைத்துக்கொண்டு வருகிறேன்.

நீ சுகமா?

மாமா


கெட்டரிங்
டிசம்பர் 1

அன்புள்ள மாமா,

இருமல் போய்விட்டது. உங்கள் முழங்கால் எப்படி?

குட்டியைத் தின்றுவிட்டேன். இரண்டு முறை. இரண்டாவது முறை வெண்ணெயோடு.

ஒன்று சொல்ல வேண்டும், எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மூன்று தாள் கிழித்தேன். போன மாதத்திலிருந்து என் சம்பளத்தை இந்தப் புதுக் கணக்குக்கு மாற்றிவிட்டேன். நீங்கள் அனுப்புவதில் பாதிக்குச் சற்று மேலே வரும். அலுவலகத்தில் சம்பளத் தேதி மாறிவிட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தையல் சாமான் கடை மாடியில் இரண்டு அறை காலியாக இருக்கிறது. பார்த்துவிட்டு வந்தேன். ஜன்னல் சரியாக மூடாது. ஆனால் சமையலறைக் குழாயில் நல்ல வேகம். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுத்தால் எனக்கு என்று வீட்டுக்காரம்மா சொல்லியிருக்கிறார். சம்பளத்தைக் கொடுத்துவிட்டு, முதல் மாத வாடகைக்குக் குறைகிற பணத்தைப் போனஸ் வந்ததும் தருகிறேன் என்றேன். ஒப்புக்கொண்டார்.

இதை யாருக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் வெள்ளிக்கிழமை முடிந்த பிறகு சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இன்று முதல் தேதி. உங்கள் பணம் கிளம்பியிருக்கும் என்று நினைத்ததும் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

ரொம்ப நாளாகவே களைப்பாக இருக்கிறது மாமா. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் அந்தப் பன் மாதிரிதான்.

ஜனீன்


ஃப்ளீட்வுட்
டிசம்பர் 1

என் கொள்ளைக்கார மருமகளே,

சிரிப்பு அடங்கவில்லை. எழுத்து கோணினால் பொறுத்துக்கொள். நலத்தையெல்லாம் கடைசியில் விசாரிக்கிறேன்.

நோரா மகளைப் பார்க்க பிரெஸ்டனுக்குப் போய் ஒரு வாரமாகிறது. வேனும் பனியால் வரவில்லை. அதனால் போனிலேயே பணத்தை அனுப்பினேன். அடுத்த நிமிடம் வங்கியிலிருந்து அழைப்பு. ஒரு சின்னப் பெண்.

"சார், வங்கிப் பாதுகாப்புப் பிரிவுலேர்ந்து பேசறேன். நீங்க மாசாமாசம் ஒரே ஆளுக்குப் பெரிய தொகை அனுப்பறீங்க. அனுப்பச் சொல்லி யாராவது உங்களை வற்புறுத்தறாங்களா?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன், நீயே சொல்.

"வற்புறுத்தறதாவது! கழுத்துல கத்தி வச்சிருக்காம்மா."

"யாரு சார்?"

"என் மருமக. பார்த்தா பல் ஆஸ்பத்திரி மேசையில உக்காந்திருக்கிற சாதுப் பொண்ணு. நிஜத்துல கடற்கொள்ளைக்காரி. மூணு கப்பல் வச்சிருக்கா."

"சார், இந்தப் பேச்சு பதிவாகுது."

"நல்லாப் பதிவு பண்ணும்மா. என் சாவுப் பணத்தையே சுருட்டறா. எட்டுக் குதிரையில நாலு ஏற்கெனவே போச்சு."

"இந்தப் பணம் உங்களுக்குத் திரும்பி வரும்னு சொல்லியிருக்காங்களா?"

"சொல்லாம? அவங்க எல்லாம் அப்படித்தானே சொல்வாங்க!"

அந்தப் பெண் சிரிக்கவே இல்லை, பாவம், வேலை நேரம். ஆனால் குரல் எப்படிக் குழைந்துவிட்டது தெரியுமா? "நீங்க தைரியமா இருங்க சார். இனி நாங்க பாத்துக்கறோம்" என்றாள். இத்தனை அன்பாக என்னிடம் யாரும் பேசி வருஷமாகிறது. மொத்தம் கால் மணி நேரம் பேசினோம். உன் மாமாவின் வசீகரத்துக்கு இன்னும் துரு ஏறவில்லை!

நீ சுகம்தானே? பனியில் வழுக்கி விழாதே.

மூன்று கப்பல்களுக்கும் வணக்கத்துடன்,
மாமா


கெட்டரிங்
டிசம்பர் 5, வெள்ளி

மாமா,

உங்கள் கடிதம் இன்று காலை மேசைக்கு வந்தது. அது வருவதற்கு முன்பே வங்கி என் கணக்கை முடக்கிவிட்டது. உங்கள் பணம் வந்து சேரவில்லை. உள்ளே இருக்கிற என் சம்பளத்தை எடுக்க முடியவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்ல அனுமதியில்லை என்கிறார்கள். என்னிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார்கள், திருடியிடம் பேசுவது போல.

காரணம் உங்கள் கடிதத்தில் இருந்தது.

என் ஒன்றாம் தேதிக் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை.

ஜனீன்


ஃப்ளீட்வுட்
டிசம்பர் 8

ஜனீன்,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. நான் அனுப்பிய பணத்தை வங்கி வழியிலேயே பிடித்து என் கணக்கில் திருப்பிப் போட்டுவிட்டது.

உடனே வங்கிக்கு போன் செய்தேன். நான் சொன்னதெல்லாம் பொய், அவள் ஒரு பாவமும் அறியாதவள் என்றேன். நம்ப மறுக்கிறார்கள். மிரட்டப்படுகிறவர்கள் இப்படித்தான் மாற்றிச் சொல்வார்களாம். "அவங்க இப்ப பக்கத்துல இருக்காங்களா சார்? இருந்தா 'ஆமா'ன்னு மட்டும் சொல்லுங்க" என்று கேட்கிறாள் அந்தப் பெண். வாழ்நாளில் முதல்முறையாக உண்மையை மட்டும் பேசினேன். அதை வாங்கிக்கொள்ள ஆளில்லை.

கடைசியில், நடந்ததை எழுதி, என்னை நெடுநாள் தெரிந்த ஒருவரின் சாட்சிக் கையெழுத்தோடு அனுப்பினால் பரிசீலிப்போம் என்றார்கள். நோரா பிரெஸ்டனிலிருந்து திரும்பினாள். ஆறு பக்கம் எழுதியிருந்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள்.

"யோவ், இது என்ன, 'என் களங்கமற்ற மருமகள், பனிமலை போல்'?"

"அவ நல்லவன்னு தெரிய வேண்டாமா?"

"பனிமலையை அடி. 'என் நாக்கை வெட்டிக் கடலில் எறியத் தயார்', இதையும் அடி. கத்தியால வந்த வினை, மறுபடி கத்தியைக் கொண்டாராத."

"அப்புறம் என்னதான் மிச்சம்?"

"நடந்தது மிச்சம். அதை எழுது. ஒரு அடைமொழி இருந்தாலும் நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

ஆறு பக்கம் அரைப் பக்கமானது. பிரதியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

"வங்கிக்கு. என் பெயர் ஆம்ப்ரோஸ் டக்வொர்த். ஜனீன் என் தங்கையின் மகள். அவள் என்னிடம் பணம் கேட்கவில்லை. யோசனை என்னுடையது. அவளுக்குப் போனஸ் கிடைக்க வேண்டும் என்று அனுப்பினேன். முன்பு அனுப்பிய ஆயிரத்து ஐந்நூறு இரண்டு முறையும் முழுதாகத் திரும்பி வந்தது. டிசம்பர் முதல் தேதி உங்கள் ஊழியரிடம் நான் சொன்னதில் எதுவும் உண்மையில்லை. வேடிக்கையாகச் சொன்னேன். அந்த வாரம் வேறு யாரும் என்னோடு பேசியிருக்கவில்லை. பணம் திரும்பி வருகிற நாளில் அவள் நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வேன். அதற்காகவும் அனுப்பினேன். அவள் சம்பளத்தை அவளிடம் கொடுங்கள்."

அந்த அறைகளைப் பற்றி வீட்டுக்காரம்மாவிடம் பேச முடிந்ததா?

மாமா


கெட்டரிங்
ஜனவரி 16

அன்புள்ள மாமா,

உங்கள் கிறிஸ்துமஸ் வாழ்த்தட்டை வந்தது. 'சுகமா?' என்ற ஒரு சொல்லைத் தவிர அதில் எதுவும் இல்லாததைப் பார்த்துக் கொஞ்சம் பயந்துவிட்டேன். சுகம். நீங்கள்?

கோபமில்லை என்று எழுத உட்கார்ந்தேன். இருக்கிறது. இத்தனை நாள் எழுதாததற்கு அதுதான் காரணம். இப்போது குறைந்திருக்கிறது.

கணக்கு கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் திறந்தது. மன்னிப்புக் கடிதம் வந்தது, கூடவே இன்னொன்றும். டிசம்பரில் தேவையான தொகை உள்ளே வரவில்லை, நிபந்தனை நிறைவேறவில்லை, ஆகவே போனஸ் இல்லை. வருந்துகிறார்களாம். தையல் கடை மாடியை வேறொருவர் எடுத்துக்கொண்டார். வீட்டுக்காரம்மா திங்கள்வரை காத்திருந்தார், அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

சம்பளம் எங்கே என்று ரஸ்ஸல் கேட்டபோது மறைக்கத் தெம்பில்லை. என் பெயரில் ஒரு கணக்கு இருக்கிறது, அதில் மாட்டியிருக்கிறது என்றேன். கத்துவார் என்று நினைத்தேன். சிரித்தார். "உன் பேர்ல ஒரு கணக்கு. அதைக்கூடத் தொறக்கத் தெரியலியா உனக்கு?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார். கிறிஸ்துமஸ் விருந்தில் அவர் அக்காவிடமும் சொல்லிச் சிரித்தார். நான் உருளைக்கிழங்கு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

உங்கள் அரைப் பக்கம் என் மேசை டிராயரில் இருக்கிறது. சில நாள் மதியம் எடுத்துப் படிக்கிறேன். பணம் திரும்பி வருகிற நாளில் தெரிந்துகொள்வேன் என்று எழுதியிருந்தீர்கள். டிசம்பரில் என்னிடமிருந்து எதுவும் திரும்பி வராதபோது என்ன நினைத்திருப்பீர்கள் என்பதை ஜனவரியில்தான் யோசித்தேன்.

சாவி வெட்டும் கடைக்கு மேலே ஓர் அறை இருக்கிறது. ஒன்றே ஒன்று. அட்வான்ஸுக்குக் கொஞ்சம் குறைகிறது. ஏப்ரலுக்குள் சேர்த்துவிடுவேன். இதைச் செய்தியாகத்தான் எழுதுகிறேன், வேறு எதற்கும் இல்லை.

ஜனீன்


ஃப்ளீட்வுட்
பிப்ரவரி 4

அன்பு ஜனீனுக்கு,

உன் கடிதத்தை எதிர்பார்த்து வாசலிலேயே நின்றதில் தபால்காரர் எனக்கு வாடகை கேட்கிறார். முழங்காலை டாக்டரிடம் காட்டினேன். நோராவிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள். அவளும் கூட வந்தாள்.

அந்தப் பட்டு அங்கி என்று ஒன்று இல்லை. கோடையில் வந்த நூற்றெழுபத்தைந்து பவுண்டு வந்த நாளிலிருந்து அப்படியே இருக்கிறது. என்ன வாங்குவது என்று கடைவீதியில் இரண்டு முறை நடந்து பார்த்தேன். எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. அதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால் கடிதத்தில் ஓர் அங்கி தைத்தேன்.

இன்று காலை அந்தப் பணத்தை உனக்கு அனுப்பிவிட்டேன். வங்கி உனக்குத் தர வேண்டிய பணம், என்னால் தடைபட்டது, என் வழியாக வருகிறது. இதில் நன்றி, மறுப்பு இரண்டுக்கும் இடமில்லை.

அனுப்பிய கையோடு போன் அடித்தது. அதே பெண். அதே குழைந்த குரல்.

"சார், இந்தப் பணத்தை அனுப்பச் சொல்லி யாராவது உங்களை வற்புறுத்தறாங்களா?"

"இல்லை."

"வேற ஏதாவது சொல்லணுமா சார்? நிதானமாச் சொல்லுங்க, நான் இருக்கேன்."

ஜனீன், அந்த நிமிடம் நீ இங்கே இருந்து பார்த்திருக்க வேண்டும். மூன்று கப்பலும் பாய் விரித்து என் நாக்கு நுனியில் வந்து நின்றன. எட்டுக் குதிரையும் கனைத்தன. நோரா அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

வைத்துவிட்டேன். பிறகு ஒரு மணி நேரம் படுத்திருந்தேன்.

அறை கிடைத்ததும் ஒரு வரி எழுது.

மாமா


சாவிக்கடை மாடி
கெட்டரிங்
மார்ச் 6

அன்புள்ள மாமா,

முகவரியைக் கவனித்தீர்களா? இனி இங்கேயே எழுதுங்கள். தபால் தாமதமாகாது.

போன சனிக்கிழமை வந்தேன். இரண்டு பெட்டி, ஒரு கெட்டில். ரஸ்ஸல் வாசலில் நின்று, "எத்தனை நாளைக்குன்னு பார்க்கறேன்" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அறையை வர்ணிக்கச் சொன்னால், கெட்டரிங்கில் இதைவிடப் பெரிய அரண்மனை கிடையாது. கட்டிலில் உட்கார்ந்தபடியே அடுப்பைப் பற்றவைத்து, கதவைத் திறந்து, ஜன்னலை மூடலாம். எந்த அரசிக்கும் இவ்வளவு நீளமான கை இல்லை. கீழே நாளெல்லாம் சாவி வெட்டுகிறார்கள், பல் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவளுக்கு அந்தச் சத்தம் தாலாட்டு. மூன்று கப்பலையும் தெருவில்தான் நிறுத்தியிருக்கிறேன். நகராட்சி அபராதச் சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது.

நேற்று வேலை முடிந்து வரும்போது ஒரு பன் வாங்கினேன். பாதியை இரவில் தின்றேன். மீதியைக் காலையில்.

உங்கள் ஊர்வலப் பணம் சும்மா தூங்குகிறதா? முதல் தேதி பிறந்ததும் அனுப்புங்கள், மூன்றாம் தேதி திருப்பி அனுப்பிவிடுகிறேன். போனஸ் எதுவும் கிடையாது. கழுதைக்கும் படகுக்கும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கிறது, நிறுத்த மனம் வரவில்லை.

நோரா ஆன்ட்டிக்கு என் அன்பு. முழங்காலைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இங்கே வீட்டில் எல்லோரும் நலம். எல்லோரும் என்றால், நான்.

ஜனீன்